எழுத்துக் கூட்டிப் படிக்கிற உரிமை

ஒரு பிள்ளைக்கு எழுத்து பிடிபடவில்லை. அந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்து இந்த நாட்டில் அதற்கு ரெண்டு பேர் இருக்கிறது. நகரத்தில், கட்டணம் கட்டிப் படிக்கிற பள்ளியில், படித்த தாய் தகப்பனுக்குப் பிறந்திருந்தால் அதன் பெயர் டிஸ்லெக்சியா. உளவியலாளர் சோதனை வைப்பார், சிறப்பாசிரியர் வருவார், தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்திப் படத்தைப் பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுத ஊர் இது. அதே தடுமாற்றம் சேரியில் பிறந்த பிள்ளைக்கு இருந்தால் அதன் பெயர் மக்கு. கொஞ்சம் கோபம் வந்தால் ‘தற்குறிக்குப் பொறந்த தற்குறி’. மனசைத் திறந்து பேசுகிற வாத்தியாராக இருந்தால், “இதுங்களுக்குப் படிப்பு ஏறாது சார், மாடு மேய்க்கத்தான் லாயக்கு.” முதல் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு விளக்கம். ரெண்டாவது பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறேன்.

முதலில் விசயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம் தோழர்களே. டிஸ்லெக்சியா கண்ணில் உள்ள கோளாறு இல்லை. அறிவுக் குறைவும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. நாம் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் சின்னச் சின்னச் சத்தங்களால் ஆனது. ‘கல்’ என்றால் க், அ, ல் என்று மூன்று சத்தம். பேசும்போது இதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. படிக்க வேண்டும் என்றால் பிரிக்க வேண்டும். பிரித்த சத்தத்தை ஒரு வரிவடிவத்தோடு முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போட்டதைச் சேர்த்துச் சொல்லாக்க வேண்டும். இந்த வேலை சில பிள்ளைகளின் மூளைக்குச் சிரமமாக இருக்கிறது. பிறவியிலேயே வருவது, குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். அவ்வளவுதான் சங்கதி. அந்தப் பிள்ளை கதை சொல்லும், கணக்குப் போடும், பாட்டுக் கட்டும், பழுதான மோட்டாரைப் பிரித்து மாட்டும். எழுத்து மட்டும் கைகொடுக்காது.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்கிற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். நல்ல சூட்டிகையான பையன். பாடம் முழுவதையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆள் என்று அவன் ஆசிரியரே சொன்னாராம். ஆனால் படிக்க வரவில்லை. ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியரிடமும் படித்தவன். அத்தனை பேர் சொல்லிக் கொடுத்தும் ஏன் வரவில்லை என்பதால்தான் மருத்துவர் யோசித்தார். சொல்லிக் கொடுக்கவே ஆள் இல்லாத பிள்ளையைப் பற்றி எந்த மருத்துவர் யோசிப்பார்? டிஸ்லெக்சியாவின் வரலாறு தொடங்கும்போதே, அது கவனிக்கப்பட்ட பிள்ளைகளின் வரலாறாகத்தான் தொடங்குகிறது. கவனிக்கப்படாத பிள்ளை அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

நூற்றுக்கு அய்ந்து முதல் பத்துப் பேருக்கு இந்தச் சிரமம் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் ரெண்டு முதல் நாலு பேர். இது சாதி பார்த்து வருவதில்லை. அக்கிரகாரத்திலும் வரும், சேரியிலும் வரும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. நம் தெருவில் படிக்கத் தெரியாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு டிஸ்லெக்சியா இல்லை. அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80, தாழ்த்தப்பட்டோர் எழுத்தறிவு 73. இந்த ஏழு விழுக்காட்டு இடைவெளியை மூளையில் தேடாதீர்கள். வாத்தியார் வராத பள்ளியில் தேடுங்கள். அறுவடைக்குப் போன பிள்ளையிடம் தேடுங்கள். கடைசி பெஞ்சில் தேடுங்கள்.

அப்படியானால் எது டிஸ்லெக்சியா, எது வாத்தியாரின் அலட்சியம் என்று எப்படிப் பிரிப்பது? நான் சொல்ல வருகிற முக்கியமான செய்தியே இதுதான்: முதல் நாளில் பிரிக்க வேண்டியதில்லை. ரெண்டு பிள்ளைக்கும் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்றேதான். சத்தத்தையும் எழுத்தையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு, படிப்படியாக, எதையும் பிள்ளை தானாகவே புரிந்துகொள்ளும் என்று விட்டுவிடாமல் சொல்லிக் கொடுப்பது. ஆங்கிலத்தில் ஃபோனிக்ஸ் என்கிறார்கள். நமக்கு இதற்குப் பழைய பெயரே இருக்கிறது, எழுத்துக் கூட்டிப் படிப்பது. “இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்” என்று கேலியாகச் சொல்வோமே, அதுவேதான். கேலி செய்ய அதில் ஒன்றுமில்லை. எழுத்துக் கூட்டாமல் எவனும் படிக்கக் கற்றதில்லை. சிலருக்கு அந்தக் கட்டம் சீக்கிரம் முடிந்துவிடும், சிலருக்கு மெதுவாக முடியும். மற்ற பிள்ளைகள் சில மாதங்களில் தாண்டிவிடுவார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அதையே இன்னும் சின்னப் படிகளாக, இன்னும் பல தடவை, இன்னும் பொறுமையாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தும் நகரவில்லை என்றால் அப்போது மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். சான்றிதழ் வரும்வரை கரும்பலகையை மூடி வைக்க வேண்டியதில்லை.

வாசிப்பு கண்ணில் தொடங்குவதாக நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது காதில் தொடங்குகிறது. வேதம் ஓதுவதைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் உருக்கிய ஈயத்தை ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் எழுதி வைத்தது. படிப்பின் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் வாசலை அடைத்திருக்கிறான். இன்றைக்கு ஈயம் இல்லை. காதுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டாலே போதுமானதாக இருக்கிறது.

வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அ-அம்மா, ஆ-ஆடு என்று படம் போட்ட அட்டை. வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் கோரசாகச் சொல்கிறார்கள். கோரசில் யார் வாயசைக்கிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு, “போர்டுல இருக்கறத எழுதிப்போடு.” பிள்ளை எழுதிப்போடுகிறது. முத்து முத்தான கையெழுத்து. பார்த்து எழுதத் தெரியும், எழுதியதைப் படிக்கத் தெரியாது. நோட்டுக்கு ‘குட்’ விழுகிறது. எங்கள் மாலைப் பள்ளிக்கு வருகிற ஆறாம் வகுப்புப் பெண்ணின் நோட்டைப் பார்த்தால் மாவட்ட ஆட்சியரே பரிசு கொடுப்பார். அதே நோட்டில் ஒரு வரியைத் தொட்டு “இது என்னம்மா?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். ஆறு வருசம் அவளைப் படம் வரைய வைத்திருக்கிறார்கள். எழுத்து என்கிற படம்.

இன்னொரு பையன், ஏழாம் வகுப்பு. சனி, ஞாயிறு மெக்கானிக் கடையில் வேலை. ஸ்பானர் நம்பரெல்லாம் தலைகீழாகச் சொல்வான். மரம் படம் போட்டு ‘மரம்’ என்று எழுதியிருந்தால் படிப்பான். படத்தைக் கையால் மறைத்துவிட்டால் அதே சொல்லைப் ‘படம்’ என்பான், ‘பழம்’ என்பான். கடைசியில் ‘ம்’ இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும், மீதியை ஊகிக்கிறான். அவனுடைய மாமாவுக்கும் படிப்பு வரவில்லையாம். “எங்க வீட்ல ஆம்பளைங்களுக்கே அப்படித்தாண்ணே” என்றான், ஏதோ மூக்கு நீளம் பற்றிச் சொல்வது மாதிரி. அவன் பள்ளியில் கேட்டபோது, “உங்க ஆளுங்க ஏன் சார் இதுக்குப் போய் இவ்ளோ மெனக்கெடுறீங்க, எட்டாவது முடிச்சா தானா நின்னுக்குவான்” என்றார்கள்.

அவனுக்கு நாங்கள் முதல் மூன்று வாரம் புத்தகமே காட்டவில்லை. காதுக்கு மட்டும் வேலை. ‘கல்’ சொல்லு. முதல் சத்தம் என்ன? அதை எடுத்துட்டு ‘ப்’ போடு. ‘பல்’. சரி, கண், மண், பொண்ணுன்னு ஒரே மாதிரி முடியற வார்த்தை சொல்லு. கல்லுக்கும் காலுக்கும் என்ன வித்தியாசம்? பல், பால். விடு, வீடு. எடு, ஏடு. கொடு, கோடு. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு மாத்திரை என்று எழுதி வைத்திருக்கிறான். அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே தவிர, எதற்கு என்று கேட்டதில்லை. இதற்குத்தான். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இழுத்து ரெண்டு தட்டு. மேசையில் தட்டலாம், தொடையில் தட்டலாம், பறை இருந்தால் பறையில் தட்டலாம். எங்கள் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதன்பிறகு எழுத்து. 247 எழுத்தையும் கட்டம் போட்டு முதலில் மனப்பாடம் செய்ய வைத்தால் இந்தப் பிள்ளைகள் முதல் வரிசையிலேயே மூச்சுத் திணறிப் போவார்கள். அய்ந்தே எழுத்து எடுத்துக் கொண்டோம்: ப, ட, ம, க, ல. கூடவே புள்ளி. புள்ளி வைத்தால் ‘அ’ சத்தம் போய்விடும் என்று மட்டும் சொன்னோம். அய்ந்து எழுத்திலும் ஒரு புள்ளியிலும் எத்தனை சொல் வருகிறது பாருங்கள்: கல், பல், படம், மடம், கடல், பகல், பட்டம், பக்கம், கம்பம். அடுத்த வாரம் ஒரு துணைக்கால். பால், கால், பாடம், காலம். சொல்லிக் கொடுத்த எழுத்தை வைத்தே சொல், சொல்லிக் கொடுத்த சொல்லை வைத்தே வரி. தெரியாத எழுத்து ஒன்றுகூட அந்த வரியில் இருக்கக் கூடாது. பிள்ளை ஊகிப்பதற்கு இடமே கொடுக்கக் கூடாது. எழுதும்போது வாயால் சத்தத்தைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுத வேண்டும். காது, வாய், கண், விரல் நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும், ஆசிரியைகள் அன்னா கில்லிங்காமும் பெஸ்ஸி ஸ்டில்மனும் 1920களிலும் 30களிலும் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையின் சாரம் இதுதான். மணலில் விரலால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளியிலும் இருந்தது. அந்தத் திண்ணையில் நம்மை ஏற்றவில்லை. மணல் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை.

தமிழ் எழுத்துமுறை இதற்குத் தோதானது. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 சத்தத்தைச் சமாளிக்கிறார்கள். ஒரே எழுத்துக்கு நாலு சத்தம், ஒரே சத்தத்துக்கு ஆறு எழுத்து. தமிழில் அந்தக் குழப்பம் குறைவு. எழுத்துக்கும் சத்தத்துக்கும் ஒழுங்கான உறவு உள்ள இத்தாலி போன்ற மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் தப்பாகப் படிப்பதைவிட மெதுவாகப் படிப்பதுதான் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் தமிழிலும் சிக்கல் உண்டு. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் கொம்பு தெரிகிறது, வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’. ‘கொ’ என்பதில் குறி முன்னாலும் பின்னாலும் நிற்கிறது. உகரத்துக்கு ஒரே குறி கிடையாது. கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், தனித்தனியாகத்தான் பழக வேண்டும்.

இங்கே பெரியாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1935இல் ‘குடி அரசு’ ஏட்டில் அவர் சீர்திருத்த எழுத்தை அச்சடிக்கத் தொடங்கியபோது பண்டிதர்கள் குதித்தார்கள். ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துக்களுக்கு அதுவரை தனித்தனிக் கொக்கியும் சுழியும் இருந்தன. மற்ற எழுத்துக்களைப் போலவே இவற்றுக்கும் துணைக்கால் போடு, ஐகாரக் குறி போடு என்றார். 1978இல் தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. விதிவிலக்கு குறையக் குறைய, மனப்பாடத்தின் சுமை குறைகிறது. அந்தச் சுமையில் முதலில் நசுங்குவது டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளையும்தான். எழுத்துச் சீர்திருத்தம் யாருக்காக என்பதை இந்தப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் புரியும்.

எழுத்துப் பிழை விசயத்துக்கு வருவோம். ‘நம்ம பசங்களுக்கு ந, ன, ண தெரியாது’ என்று சலித்துக் கொள்கிறார்கள். தெரியாமல் இருப்பது இயல்பு. ந-வும் ன-வும் பெரும்பாலான வாயில் இன்றைக்கு ஒரே சத்தம்தான். காதால் பிரிக்க முடியாததை விதியால் பிரித்துச் சொல்ல வேண்டும். சொல்லின் முதலில் வந்தால் ந. த-வுக்கு முன்னால் வந்தால் ந்: பந்து, சொந்தம். ட-வுக்கு முன்னால் ண்: வண்டி, நண்டு. ற-வுக்கு முன்னால் ன்: கன்று, ஒன்று. க-வுக்கு முன்னால் ங், ச-வுக்கு முன்னால் ஞ், ப-வுக்கு முன்னால் ம். இன எழுத்து என்று இலக்கணப் புத்தகத்தில் புதைந்து கிடப்பதை வெளியே எடுத்தால், பாதிப் பிழை ஒரு மாதத்தில் போய்விடுகிறது. வல்லினமும் அப்படித்தான். ‘பக்கம்’ என்பதில் க அழுத்தம், ‘தங்கம்’ என்பதில் மென்மை, ‘பகல்’ என்பதில் இன்னும் தளர்வு. ஒரே எழுத்து, இடம் மாறினால் சத்தம் மாறுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால், பிள்ளை எழுத்தையே சந்தேகப்படும். ல, ள, ழ மட்டும் விதிக்குள் அடங்காது. பழத்தைப் பளம் என்று சொல்கிற ஊரில் காதும் உதவாது. அவற்றைச் சொல் சொல்லாக எழுதிப் பழக்கத்தான் வேண்டும். அதில் தப்பு வந்தால் சிவப்பு மையால் கிழிக்காதீர்கள்.

இன்னொரு சுவர் இருக்கிறது. பிள்ளை வீட்டில் பேசுவது ‘வந்துட்டாங்க’. புத்தகத்தில் இருப்பது ‘வந்துவிட்டார்கள்’. எழுத்தைச் சரியாகக் கூட்டி முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்பது பிள்ளைக்குத் தட்டுப்படாது. படித்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் புத்தகத் தமிழ் மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் காதில் விழுந்திருக்கும். நம் பிள்ளைக்கு எழுத்தும் புதுசு, அந்தச் சொல்லும் புதுசு. கூடவே “கொச்சையாப் பேசாத” என்று ஒரு குட்டு. நாங்கள் முதலில் பிள்ளை பேசுகிற சொல்லையே எழுதிப் படிக்க வைக்கிறோம். ‘தண்ணி’ என்று எழுதிப் படி. பிறகு புத்தகத்தில் அதே தண்ணி ‘தண்ணீர்’ என்று சட்டை போட்டுக்கொண்டு வரும் என்று சொல்கிறோம். பிள்ளை சிரிக்கிறது. சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாவ்லோ ஃபிரேயிரே பற்றி நாம் பேசாத கூட்டமில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் கல்வி என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். ஆனால் 1963இல் பிரேசிலின் வடகிழக்கில் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுக்க முயன்றபோது அவர் கரும்பலகையில் என்ன எழுதினார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் முறையில் மக்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சொல்லை எடுப்பார்கள். செங்கல்லுக்கு அவர்கள் மொழியில் ‘திஜோலோ’. செங்கல் அடுக்குகிறவன் ஏன் குடிசையில் இருக்கிறான் என்று விவாதம் நடக்கும். விவாதம் முடிந்ததும் அந்தச் சொல்லை உடைப்பார்கள்: தா-தே-தி-தோ-து, ஜா-ஜே-ஜி-ஜோ-ஜு, லா-லே-லி-லோ-லு. இந்தத் துண்டுகளைச் சேர்த்துப் புதுப் புதுச் சொற்களை உண்டாக்குவார்கள். அரசியலும் எழுத்துக் கூட்டலும் ஒரே பலகையில் நடந்தது. அன்றைக்கு பிரேசிலில் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டுரிமை கிடையாது. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது. எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு அபாயமான வேலை என்பது ராணுவத்துக்குப் புரிந்திருக்கிறது. நாம்தான் விவாதத்தை எடுத்துக்கொண்டு தா-தே-தி-யை விட்டுவிட்டோம்.

“தோழர், நிலமில்லை, கூலியில்லை, அன்றாடம் வன்கொடுமை. இதுக்கு நடுவுல ‘க்’ சத்தம், ‘ப்’ சத்தம்னு உட்கார்ந்திருக்கீங்களே?” என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில். காவல் நிலையத்தில் புகார் சொன்னால், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகும் இது மாறவில்லை. படித்துக் காட்டியதும் எழுதியதும் ஒன்றுதானா என்று யார் பார்ப்பது? சாதிப் பெயர் சொல்லித் திட்டியது அந்தத் தாளில் இருக்கிறதா, ‘வாய்த் தகராறு’ என்று முடித்திருக்கிறானா என்பதைப் பெருவிரல் கண்டுபிடிக்காது. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பலாம். முதல் தகவல் அறிக்கை குரலில் வருவதில்லை. கையெழுத்துப் போடுகிறவன் தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படிக்க வேண்டும். மெதுவாகப் படித்தாலும் போதும்.

எழுத்துக் கூட்டினால் மட்டும் எல்லாம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பொருள் வேண்டும், கதை வேண்டும், பேச்சு வேண்டும். 2000இல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவும் 2006இல் இங்கிலாந்தில் ரோஸ் அறிக்கையும் ஒலிவழிப் பயிற்சியை முறையாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, மற்றவற்றோடு சேர்த்துத்தான் சொன்னார்கள். ஆனால் ‘பிள்ளை தானாக் கத்துக்கும்’ என்பது, வீட்டில் புத்தக அலமாரி இருக்கிறவர்களின் தத்துவம்.

அடுத்து, பெயரைப் பற்றி. 1995இன் ஊனமுற்றோர் சட்டத்தில் டிஸ்லெக்சியாவுக்கு இடமில்லை. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற பெயரில் அதைச் சேர்த்தது. தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுகிறவர் போன்ற சலுகைகள் இருக்கின்றன. வாங்க வேண்டும், அது பிச்சை இல்லை. ஆனால் 2018இல் வந்த மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறை எட்டு வயது நிறைந்த பிறகே சான்று என்றது. அதற்குப் பலமுறை நகரத்துக்கு அலைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் தாய்க்கு ஒருநாள் கூலி போகும், பஸ் காசு போகும். சலுகை சட்டத்தில் இருக்கிறது. அது வந்து சேர்கிற வழியில் வகுப்பும் சாதியும் நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. படிக்க வராத சேரிப் பிள்ளைகளுக்கெல்லாம் மொத்தமாக ‘குறைபாடு’ முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவது. இது கற்பனை இல்லை. லண்டனில் கரீபியக் குடியேறிகளின் கறுப்புப் பிள்ளைகளை ‘கல்வியில் பிற்பட்டோர்’ என்று தனிப் பள்ளிகளுக்குத் தள்ளியதை 1971இல் பெர்னார்ட் கோர்ட் என்கிற ஆசிரியர் அம்பலப்படுத்தினார். கலிபோர்னியாவில் அறிவுத்திறன் சோதனையை வைத்துக் கறுப்புப் பிள்ளைகளை மந்தபுத்தி வகுப்புகளில் அடைத்ததை எதிர்த்துத் தாய் தகப்பன்மார் வழக்குப் போட்டார்கள். 1979இல் நீதிமன்றம் அதைத் தடை செய்தது. பெயர் வைப்பது உதவி வாங்குவதற்காக இருக்க வேண்டும். ஒதுக்கி வைப்பதற்காக வைக்கிற பெயரை நாம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தாகிவிட்டது, இன்னொன்று வேண்டாம்.

கல்லூரியில் படிக்கிற தோழர்களே, இந்த இதழை ஒரு பக்கம் படிக்க மற்றவரைவிட மூணு மடங்கு நேரம் ஆகிறவர் உங்களிலேயே இருக்கலாம். வகுப்பில் கேட்டதெல்லாம் மனசில் நிற்கும், எழுதும்போது எழுத்து காலை வாரும். இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னால் வியர்த்துக் கொட்டும். ‘சி-ஏ-டி கேட்’ என்று சொல்லிக் கொடுத்தார்களே, சி, ஏ, டி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘சியேடி’தான் வருகிறது, பூனை வருவதில்லை. அந்த எழுத்தின் பெயரைச் சொன்னார்கள், சத்தத்தைச் சொல்லவில்லை. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. இருபது வயதிலும் இதைக் கற்றுக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார ஒரு தோழர் போதும்.

நாம் கேட்பது இவைதான். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் கோரசை விட்டுத் தனியாகப் படிப்பதை ஆசிரியர் மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. வருசக் கணக்கில் அரும்பிலேயே நிற்கிற பிள்ளைக்குத் தனியாக நேரமும் ஆளும் ஒதுக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் டிஸ்லெக்சியாவும் ஒலிவழி வாசிப்பும் செய்முறையாக இடம்பெற வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி ஒவ்வொன்றிலும் இதில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். சான்றிதழுக்கான மதிப்பீட்டு முகாமை ஒன்றிய அளவில் நடத்து, வருகிற தாய்க்கு அன்றைய கூலியையும் பயணச் செலவையும் கொடு. தேர்வுச் சலுகைகளைப் பள்ளிச் சுவரில் எழுதிப்போடு.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? நம் சுவரொட்டியில் முதல் சொல் ‘கற்பி’. அதற்குப் ‘படி’ என்று பொருள் இல்லை, ‘சொல்லிக் கொடு’ என்று பொருள். பிள்ளைக்கு வரவில்லை என்றால், சொல்லிக் கொடுத்த விதத்தை மாற்று என்பதும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

அந்த மெக்கானிக் கடைப் பையன் ஒரு வருசத்துக்கும் மேலாக வருகிறான். மெதுவாகத்தான் படிக்கிறான். ழ, ள இன்னும் தப்பும். ஆனால் இப்போது ஊகிப்பதில்லை.

இந்த வாரமே உங்கள் தெருவில், அய்ந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, படம் இல்லாத அய்ந்து சொல்லை எழுதிக் காட்டுங்கள். படம், கடல், பாட்டு, வண்டி, கொக்கு. அதட்டாமல் கேளுங்கள். தடுமாறினால் அடுத்த நாளும் வரச் சொல்லுங்கள். நீங்களும் போய்விடுங்கள். ஒருநாளைக்கு அரைமணி நேரம் போதும். சாக்பீஸ், கொஞ்சம் மணல், மாதக்கணக்கில் பொறுமை. எங்கே தொடங்கினீர்கள், எந்த எழுத்தில் நின்றது, எது கைகொடுத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதைத்தான் போடப்போகிறோம்.